பெயர் மட்டும் வந்தால் போதுமா?

தமிழ்த்துறை வெளியிடும் மலர் ஒன்றில் கணிப்பொறி மென்பொருளைப் பற்றியும் கள ஆய்வுத் தரவுகளைப் பற்றியும் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கியமும் இலக்கணமும் பேசவேண்டிய இடத்தில் எண்களுக்கு என்ன வேலை என்னும் வினா எழுவதும் இயல்பே. ஆயினும், இன்று நம் கல்லூரிகளில் எந்தத் துறையை எடுத்துக்கொண்டாலும் மாணவர்கள் வினாநிரலைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் செல்கின்றனர். ஊர்க் கல்வி நிலை, பெண்களின் வேலை, இளைஞர்களின் வெளிநாட்டுப் பயணம், முதியோரின் உடல்நலம் என ஆய்வுகள் பெருகி வருகின்றன. அவ்வாய்வுகளின் முடிவுகளை ஜமாஅத் பெரியவர்களும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களும் கேட்டு, அவற்றின்படி உதவித்தொகைகளை வகுக்கின்றனர். ஆகவே, அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எவ்வாறு ஓர் ஆய்விலிருந்து மற்றோர் ஆய்விற்குச் செல்கின்றன என்பது நம் அனைவர்க்கும் உரிய வினாவாகிறது.

இவ்வினாவின் ஒரு கூற்றை மட்டும் ஈண்டு ஆராய விழைகிறோம். முன்னர் நடந்த ஆய்வுத் திட்டம் ஒன்றில் அமைந்த மாறிகளை அப்படியே எடுத்துப் புதிய திட்டத்தில் வைத்துக்கொள்ளும் வசதியை இன்றைய மென்பொருள்கள் தருகின்றன. சில நொடிகளில் நடந்து முடியும் இச்செயல் நன்மை பயப்பதா, தீமை விளைப்பதா? இரண்டுக்கும் இடமுண்டு என்பதே எம் கருத்து. பெயரோடு பொருளும் சேர்ந்து வந்தால் நன்மை. பெயர் மட்டும் வந்து பொருள் பின்தங்கிவிட்டால் தீமை.

மாறி எனப்படுவது யாது?

ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு பண்பை ஆய்வாளர் மாறி என்பர். வயது ஒரு மாறி. கல்வி ஒரு மாறி. குடும்ப வருவாய் ஒரு மாறி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்சொல்லுக்குள் பல உறுப்புகள் அடங்கியுள்ளன. முதலாவது, கணிப்பொறி அறியும் குறும்பெயர். இரண்டாவது, அப்பெயருக்கு உரிய விளக்கத் தலைப்பு. மூன்றாவது, களத்தில் கேட்கப்பட்ட வினாவின் சொற்கள். நான்காவது, விடைகளுக்கு இடப்பட்ட எண்களும் அவ்வெண்கள் சுட்டும் பொருளும். ஐந்தாவது, 'தெரியாது', 'கூற மறுத்தார்', 'இவருக்குப் பொருந்தாது' ஆகிய மூன்றையும் பிரித்தறியும் குறியீடுகள். ஆறாவது, அவ்வினா யாரிடம் கேட்கப்பட்டது என்னும் எல்லை. ஏழாவது, எந்தக் காலப்பகுதியை மனத்திற்கொண்டு விடை கூறவேண்டும் என்னும் வரையறை.

இவ்வேழும் சேர்ந்ததே ஒரு மாறி. உடலும் உயிரும் போல இவை பிரிக்கவொண்ணாதவை. ஆயினும் மென்பொருள்கள் இவை அனைத்தையும் ஒருங்கே சுமப்பதில்லை. 1968 இல் தோன்றிய எஸ்பிஎஸ்எஸ் என்னும் மென்பொருளின் முற்காலப் பதிப்புகளில் மாறியின் பெயர் 8 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. எனவே ஆய்வாளர்கள் ஓலையில் எழுதியவர்களைப் போலச் சுருக்கி எழுதப் பழகினர். சுருக்கெழுத்தின் பொருளைத் தனியே ஒரு குறியீட்டேட்டில் எழுதிவைத்தனர். அவ்வேடு தொலைந்தால் தரவும் தொலைந்ததாகவே பொருள். இன்றோ ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்பிற்கு விளக்கத் தலைப்பு, எண்களின் பொருள், விடுபட்ட விடைக்கான குறியீடு ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் வசதி அம்மென்பொருளிலேயே உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் உருவாக்கி விலையின்றி வழங்கும் சிஎஸ்புரோ, 'அகராதி' என்னும் பெயராலேயே இவ்விவரங்களைத் தொகுத்து வைக்கிறது. ஆயினும் வினா யாரிடம் கேட்கப்பட்டது, எந்தச் சூழலில் கேட்கப்பட்டது என்பவற்றை ஆய்வாளர் தாமே எழுதினாலன்றி எந்தக் கருவியும் அறியாது.

கைப்பேசி வழியாக நடைபெறும் ஆய்வுகளில் எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்னும் அட்டவணை முறை பரவலாகக் கையாளப்படுகிறது. அதில் வினாக்கள் ஒரு தாளிலும் விடைப் பட்டியல்கள் மற்றொரு தாளிலும் அமையும். வினாவின் வரிசையில் பட்டியலின் பெயர் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். பழைய திட்டத்திலிருந்து வினா வரிசையை மட்டும் எடுத்துப் புதிய திட்டத்தில் ஒட்டினால், பட்டியல் கூடவே வாராது. புதிய திட்டத்தில் அப்பெயரில் பட்டியலே இல்லையாயின் மென்பொருள் தவற்றை எடுத்துக்காட்டித் தடுத்துவிடும், அது நல்லதே. ஆனால் அதே பெயரில் வேறொரு பட்டியல் ஏற்கெனவே இருக்குமாயின், வினா ஓசையின்றி அப்பட்டியலைப் பற்றிக்கொள்ளும். தடையுமில்லை, எச்சரிக்கையுமில்லை. பேசாத தவறே பெருந்தவறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

இது கற்பனையன்று என்பதைக் காட்ட, நாம் அருகிருந்து கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். ஊரும் நிறுவனமும் இங்குத் தேவையில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் மாணவர்கள் வீடுதோறும் சென்று கல்வி நிலையைக் கணக்கெடுத்தனர். பள்ளி செல்லாதவர்க்கு 0, தொடக்கக் கல்விக்கு 1, நடுநிலைக்கு 2, உயர்நிலைக்கு 3, மேல்நிலைக்கு 4, கல்லூரிக்கு 5 எனக் குறியீடு வகுத்திருந்தனர். பெண் குழந்தைகளிற் பலர் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றனர் என்பது அவ்வாய்வின் முடிவு. அதனைக் கேட்ட ஊர்ப் பெரியவர்கள், மேல்நிலை வகுப்பில் சேரும் பெண்களுக்குக் கட்டணமும் பேருந்துச் செலவும் வழங்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தனர். பலர் அதனால் பயன்பெற்றனர்.

சில ஆண்டுகள் கழித்து அடுத்த தலைமுறை மாணவர்கள் அதே ஊரில் மீண்டும் ஆய்வு செய்தனர். ஒப்பிட்டுக் காணவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் பழைய திட்டத்தின் வினாக்களையே புதிய திட்டத்தில் கொணர்ந்தனர். ஆனால் அவர்கள் தொடங்கிய வார்ப்புருவில் கல்வி என்னும் பெயரில் ஒரு பட்டியல் முன்னரே இருந்தது. அது 0 இல் தொடங்காமல் 1 இல் தொடங்கியது. பள்ளி செல்லாதவர் 1, தொடக்கக் கல்வி 2, உயர்நிலை 4 என ஒவ்வொன்றும் ஒரு படி மேலே நின்றது. களத்தில் கைப்பேசித் திரையில் தோன்றியவை சொற்களே, எண்கள் தோன்றவில்லை. எனவே எவரும் வேறுபாட்டை உணரவில்லை. பின்னர் இரண்டு தரவுகளையும் இணைத்துப் பழைய குறியீட்டேட்டைக் கொண்டே பொருள் கண்டனர். பத்தாம் வகுப்போடு நின்றவர் அனைவரும் மேல்நிலை முடித்தவராயினர். 6 என்னும் எண்ணுக்குப் பழைய ஏட்டில் பொருள் இல்லாமையால், அது பட்டமேற்படிப்பாக இருக்கவேண்டும் எனத் தாமே ஊகித்துக்கொண்டனர்.

முடிவு படிக்கப்பட்ட கூட்டத்தில் மகிழ்ச்சி பொங்கியது. நம் உதவி பயன் தந்துவிட்டது. இனி அத்தொகையை வேறு நற்பணிக்குத் திருப்பலாம் எனப் பேச்சும் எழுந்தது. அவ்வேளையில் ஆய்வுக்குச் சென்ற மாணவியருள் ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பினார். "இந்த அட்டவணையில் பள்ளிக்கே செல்லாதவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் எங்கள் பாட்டியம்மாவை நானே கேட்டு எழுதினேன். அவர்கள் பள்ளிப் படியை மிதித்தவர்கள் அல்லர். அவர்கள் எங்கே போனார்கள்?" என்றார். அவ்வொரு வினாவில் பிழை முழுவதும் வெளிப்பட்டது. மறுபடி கணக்கிட்டபோது நிலைமை முன்னேறியிருந்தது உண்மையே. ஆயினும் உதவியை நிறுத்தும் அளவிற்கு அன்று. உதவி தொடர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் யாரும் பொய் கூறவில்லை; யாரும் சோம்பியிருக்கவுமில்லை. ஒரு பெயர் வந்தது, அதன் பொருள் வரவில்லை; அவ்வளவே. ஆனால் அம்மாணவி வாய்திறவாதிருந்தால், எத்தனை பெண் குழந்தைகளின் படிப்பு நின்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாடு தழுவிய கணக்கெடுப்புகள் தரும் பாடம்

சிறு கல்லூரியின் சிறு ஆய்வில் நேர்ந்தது எனக் கருதி இதனை ஒதுக்கிவிடலாகாது. பெருங்கணக்கெடுப்புகளும் இவ்விடர்ப்பாட்டை அறிந்தவையே. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விழுக்காடு 1971 இல் 34.45, 1981 இல் 43.57, 1991 இல் 52.21 என அடுத்தடுத்து அச்சிடப்படுவதைப் பாடநூல்களில் காண்கிறோம். ஆனால் 1971 க்குரிய எண் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டு கணக்கிடப்பட்டது. பின்னைய இரண்டும் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டு கணக்கிடப்பட்டவை. எழுத்தறிவு என்னும் பெயர் ஒன்றே. யாரை எண்ணினர் என்னும் எல்லை வேறு. அடிக்குறிப்பை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்தாளும் மாணவர், வளர்ச்சியின் ஒரு பகுதி வரையறையால் வந்தது என்பதை அறியாமலே தேர்வெழுதி முடிக்கிறார்.

இதனினும் கடுமையான எடுத்துக்காட்டு உழைக்கும் பெண்களைப் பற்றியது. 1961 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தாராளமான வரையறையைக் கையாண்டது. பருவகால வேலையில் நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஈடுபட்டவரும் உழைப்பாளராகக் கருதப்பட்டனர். 1971 இல் ஒருவரது முதன்மைச் செயல் யாது என்று கேட்டனர். வயலிலும் தறியிலும் பாடுபட்டும், தம்மை இல்லத்தரசியர் எனக் கூறிக்கொண்ட பெண்கள் உழைப்பாளர் கணக்கிலிருந்து மறைந்தனர். உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது போன்ற தோற்றம் உண்டாயிற்று. நாட்டின் பெண்கள் பத்தாண்டுகளில் வேலையை விட்டுவிடவில்லை, வினாவே மாறிற்று. 1981 இல் ஆண்டில் 183 நாள் என்னும் எல்லையைக் கொண்டு முதன்மை உழைப்பாளர், குறுநிலை உழைப்பாளர் எனப் பிரித்துக் கணக்கிட்டமை, இக்குறையை நிறைவுசெய்யும் முயற்சியே.

நம் சமுதாயத்தை நேரடியாகத் தாக்கிய ஒரு நிகழ்வும் உண்டு. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் சமயவாரியான விவரங்கள் செப்டம்பர் 2004 இல் வெளியிடப்பட்டபோது, முஸ்லிம்களின் பத்தாண்டுப் பெருக்கம் 36 விழுக்காடு என்னும் எண் நாளேடுகளில் பெரிய எழுத்துகளில் வந்தது. அச்சத்தையும் அவதூறையும் அவ்வெண் ஒருங்கே வளர்த்தது. உண்மை யாது? 1991 இல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. 2001 இல் அங்கு நடைபெற்றது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அப்பகுதியின் மக்கள் அனைவரும் 1991 க்குரிய எண்ணில் இல்லை. 2001 க்குரிய எண்ணில் உண்டு. இரண்டையும் கழித்துப் பார்த்தால், அம்மக்கள் அனைவரும் பத்தாண்டுகளில் புதிதாகப் பிறந்தவர்போல் ஆகிவிடுகின்றனர். 1981 இல் அஸ்ஸாமில் கணக்கெடுப்பு நடைபெறாமையால் அதற்கு முந்தைய பத்தாண்டு ஒப்பீட்டிலும் இத்தகைய சிக்கல் இருந்தது. எல்லையை ஒத்ததாக்கித் திருத்திய கணக்கில் அப்பெருக்கம் 30 விழுக்காட்டிற்கும் குறைந்தது. முந்தைய பத்தாண்டைக் காட்டிலும் வேகம் தணிந்திருந்தது என்பதே தெரியவந்தது. திருத்தம் விரைவில் வெளியிடப்பட்டது. ஆயினும் முதலில் சென்ற எண் சென்ற தொலைவைத் திருத்தம் எட்டவில்லை. எல்லைக்குறிப்பின்றி ஓர் எண்ணை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வது எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு நம் காலத்துச் சான்று இதுவே.

பிற நாடுகளுக்கிடையிலும் இதே நிலை. 1984 இல் தொடங்கப்பட்டுப் பல நாடுகளில் நடத்தப்பெற்ற மக்கள்தொகை உடல்நல ஆய்வுகளில் மாறிகளின் பெயர்கள் எல்லா நாட்டிற்கும் பொதுவாக வைக்கப்பட்டன. வி106 என்றால் கல்வி நிலை. அதன் குறியீடுகளும் பொதுவானவை. வி130 என்றால் சமயம். ஆனால் அதன் குறியீடுகள் நாட்டிற்கு நாடு வேறுபடும். முன்னதைக் கண்ட பழக்கத்தால் பின்னதையும் அவ்வாறே கொணர்பவர், ஒரு நாட்டுப் பெரும்பான்மையோரை மற்றொரு நாட்டுச் சிறுபான்மையோராக்கிவிடுவர். பெயர் ஒன்றாயிருப்பது பொருள் ஒன்றாயிருப்பதற்கு உறுதியன்று.

நமது சொல், நமது வீடு

இனி இச்சிக்கல் தமிழ்த்துறைக்கு உரியது என நாம் கூறுவதன் காரணத்தைக் காண்போம். மாறியின் உயிர் வினாவில் உள்ளது. வினாவின் உயிர் சொல்லில் உள்ளது. ஆங்கிலத்தில் அமைந்த வார்ப்புருவைத் தமிழாக்கி நம் ஊர்களில் கேட்கும்போது சொற்கள் வேறு பொருளைக் கொள்கின்றன. "பள்ளிக்குச் செல்வதுண்டா?" என்று கேட்டால், நம் தெருக்களில் பலர் பள்ளிவாசலையே நினைப்பர். "படித்திருக்கிறீர்களா?" என்று ஒரு மூதாட்டியைக் கேட்டால், "ஓதியிருக்கிறேன், படிக்கவில்லை" என்பார். ஓதுதலும் படித்தலும் அவருக்கு இரு வேறு செயல்கள். இவ்விடையை எந்த எண்ணில் அடக்குவது?

மேலும் ஆழ்ந்து நோக்கின், கணக்கெடுப்பின் வரையறைப்படி ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் எழுத்தறிவுடையவர். பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை. படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிவுடையவர் ஆகார். அறபுத்தமிழில் மடல் எழுதவும் படிக்கவும் வல்ல முதிய பெண்மணிகள் நம் ஊர்களில் வாழ்ந்தனர். அவர்கள் எழுதியது தமிழ்மொழியே. எழுத்து மட்டுமே அறபு. அவ்வரையறையின்படி அவர்கள் எழுத்தறிவுடையோரே. ஆனால் "எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள்?" என்னும் வினாவைப் பிற திட்டத்திலிருந்து கொணர்ந்து, வகுப்பேதும் இல்லை என்றவரை எல்லாம் எழுத்தறிவற்றோர் எனக் கொண்டால், ஒரு பண்பாட்டு மரபே சுழியமாகிவிடும். வகுப்பு என்னும் மாறியும் எழுத்தறிவு என்னும் மாறியும் வெவ்வேறு என்பதை உணர்த்தக்கவர் தமிழாசிரியரேயன்றி வேறு யார்?

குடும்பம் என்னும் சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரே அடுக்களையில் உண்டு வழக்கமாக ஒன்றாக வாழ்பவரையே கணக்கெடுப்பு ஒரு குடும்பமாகக் கொள்கிறது. வளைகுடா நாட்டில் பல்லாண்டு பணிபுரியும் கணவர் அவ்வரையறைப்படி அக்குடும்பத்தின் உறுப்பினராக எண்ணப்படமாட்டார். ஆனால் அவர் வீட்டாரைக் கேட்டால், அவரே குடும்பத் தலைவர் என்பர். ஓர் ஆய்வு முதல் வரையறையையும், மற்றோர் ஆய்வு இரண்டாம் வழக்கையும் பின்பற்றியிருக்க, இரண்டிலும் மாறியின் பெயர் குடும்பத் தலைவர் என்றே இருக்குமாயின், பெண்கள் தலைமையேற்கும் குடும்பங்கள் திடீரெனப் பெருகியதாகவோ அருகியதாகவோ தோன்றும். விதவையர்க்கும் கைவிடப்பட்டோர்க்கும் உரிய உதவித்திட்டம் இத்தகைய எண்ணை நம்பி வகுக்கப்படுமானால், உரியவர்க்குச் சேராமல் போவதும் நேரும்.

அறபுத்தமிழின் அமைப்பே நமக்கு ஒரு வழிகாட்டியாக உள்ளது. தமிழ் ஒலிகளை அறபு எழுத்தில் எழுத முற்பட்ட நம் முன்னோர், அறபில் இல்லாத ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகளையே அப்படியே பயன்படுத்திக் குழப்பத்தை வளர்க்கவில்லை. எழுத்துகளின் மீது புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். கொணர்தல் என்பது அவ்வாறு அமையவேண்டும். வடிவத்தை ஏற்று, வேறுபாட்டைக் குறியிட்டுக் காட்டவேண்டும்.

அறிவிப்பாளர் வரிசை

செய்தியைக் கொணரும் கலையில் நம் மரபு உலகிற்கே முன்மாதிரியாக விளங்குவது. நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள், கூறப்பட்ட செய்தியாகிய மத்னை மட்டும் ஏற்கவில்லை. அச்செய்தி யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்னும் இஸ்னாதையும் உடன் கேட்டனர். வரிசையில் வருவோர் எத்தகையோர் என ஆராய்வதற்கு அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனிக்கலையே தோன்றிற்று. இடையில் ஒருவர் விடுபட்டிருந்தால் அதனையும் குறித்தனர். சமய நூலறிவைச் சாதாரண ஆய்வுத்தரவோடு நாம் ஒப்புமை செய்யவில்லை. அதன் தூய்மை வேறு, இதன் தன்மை வேறு. ஆயினும், செய்தியோடு அது வந்த வழியும் சேர்ந்து வரவேண்டும் என்னும் ஒழுக்கத்தை அங்கிருந்து கற்பதில் தவறில்லை.

தமிழ்ப் பதிப்பு மரபும் இதனையே கற்பிக்கிறது. 1887 இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், தம் பதிப்புப் பணியில் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்துக்காட்டினார். தாம் கொண்ட பாடம் ஒன்றாயினும், பிறர் ஆராய்வதற்குப் பிற பாடங்களையும் காத்துவைத்தார். இன்று அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பல நாட்டுக் கணக்கெடுப்புகளை ஒருங்கிணைக்கும் ஐப்பம்ஸ் என்னும் திட்டத்தினரும் இதனையே செய்கின்றனர். எல்லா நாட்டிற்கும் பொதுவான குறியீட்டை வகுக்கின்றனர். ஆயினும் அந்தந்த நாட்டின் மூல விவரத்தையும் நுணுக்க வேறுபாட்டையும் அழித்துவிடுவதில்லை. மாறியின் விளக்கங்களை எழுதிவைக்கும் முறைக்கு டிடிஐ என்னும் பொது நெறியை வகுக்கும் முயற்சியும் 1995 இல் தொடங்கிற்று. நம் உரையாசிரியர்களும் பதிப்பாசிரியர்களும் அறிந்திருந்த உண்மையை உலக ஆய்வாளர் இன்று வேறு பெயரால் போற்றுகின்றனர்.

இரு மறுப்புகள்

இவற்றைக் கேட்போர் இரு வகையாக மறுக்கக்கூடும். இத்துணை இடர் இருக்குமாயின், ஒவ்வோர் ஆய்விற்கும் வினாக்களைப் புதிதாகவே எழுதிக்கொள்ளலாமே என்பர் ஒரு சாரார். இதனை நாம் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் முழக்கோலால் அளந்தால், நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிடுவது எவ்வாறு? ஒரே வினாவை ஒரே சொற்களில் ஆண்டாண்டாகக் கேட்பதாலன்றோ மாற்றம் புலப்படும். 2005 இல் அமைக்கப்பட்டு 2006 இல் அறிக்கை தந்த நீதியரசர் சச்சார் குழு, பெரும்பாலும் பிறர் முன்னரே திரட்டிய கணக்கெடுப்பு எண்களையும் தேசிய மாதிரி ஆய்வு எண்களையும் கொண்டே நம் சமுதாயத்தின் நிலையை நாட்டிற்கு உணர்த்தியது. 2001 இல் நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 65 விழுக்காடாக இருக்க, முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு என்னும் ஒப்பீடு, இரண்டும் ஒரே வரையறையால் அளக்கப்பட்டமையாலேயே மறுக்கவொண்ணாததாயிற்று. அக்குழு தேசியத் தரவு வங்கி ஒன்றை அமைக்கவேண்டும் எனப் பரிந்துரைத்ததும் நினைவுகூரத்தக்கது. ஆகவே கொணர்தல் வேண்டும். அறிந்து கொணர்தல் வேண்டும் என்பதே எம் வாதம்.

மென்பொருள் நாளுக்கு நாள் அறிவு பெற்று வருகிறது. அதுவே பார்த்துக்கொள்ளும் என்பர் மற்றொரு சாரார். எண்ணும் எண்ணும் பொருந்துகின்றனவா எனக் கருவி பார்க்கும். ஓதினேன் என்ற மூதாட்டியின் சொல்லை அது எடைபோடாது. பாட்டியம்மா எங்கே போனார் எனக் கேட்டது கருவியன்று. அவரை நேரில் கண்ட பேத்தியே.

செய்யத்தக்கவை

குறை கூறி நிறுத்துதல் முறையன்று. ஆகவே சிலவற்றை முன்மொழிகிறோம். முதலாவதாக, கல்லூரியில் நடைபெறும் ஒவ்வோர் ஆய்விற்கும் தமிழில் ஒரு குறியீட்டேடு எழுதப்படவேண்டும். மேலே கூறிய ஏழு உறுப்புகளும் ஒவ்வொரு மாறிக்கும் அதில் இடம்பெறவேண்டும். மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட படி ஒன்று நூலகத்தில் வைக்கப்படவேண்டும். மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின்னும் அவரது ஆய்வு பேசுவதற்கு அதுவே வாய்.

இரண்டாவதாக, பிற திட்டத்திலிருந்து கொணரும் ஒவ்வொரு மாறிக்கும் அதன் வழி எழுதப்படவேண்டும். எந்த ஆண்டு, எந்த ஆய்வு, எதனை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என நான்கு வரி போதும். சொல்லையோ குறியீட்டையோ மாற்றிவிட்டால் பழைய பெயரை அதற்கு இடலாகாது. பெயரின் இறுதியில் ஆண்டையாவது சேர்த்து வேறுபடுத்தவேண்டும். விடைப் பட்டியல்களுக்கும் இதே விதி பொருந்தும்.

மூன்றாவதாக, களத்திற்குச் செல்லுமுன் ஒரு சோதனை வேண்டும். நாம் நன்கறிந்த ஐந்து அல்லது பத்து வீடுகளின் விவரங்களைப் புதிய படிவத்தில் பதிந்து, வெளிவரும் அட்டவணையை நம் அறிவோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தரவு திரண்டபின் ஒவ்வொரு மாறிக்கும் எண் பகிர்வை அச்சிட்டு, இருக்கவேண்டிய எண் இல்லாமலும் இருக்கக்கூடாத எண் இருந்தும் காணப்படுகிறதா என நோக்கவேண்டும். வயது 99 என்பது முதுமையா, 'தெரியாது' என்பதன் குறியீடா என வினவாமல் சராசரி காண்பது பெரும் பேதைமை.

நான்காவதாக, வினாநிரலின் மொழியைத் தமிழ்த்துறை ஒருமுறை பார்வையிடும் வழக்கம் ஏற்படவேண்டும். ஊர் வழக்குச் சொற்களையும் அவற்றின் பொருள் எல்லையையும் குறித்த சிறு அகராதி ஒன்றை நம் மாணவரே தொகுக்கலாம். பொருளியல், வணிகவியல், கணிப்பொறியியல் துறையினரோடு தமிழ்த்துறை கைகோக்கும் நற்பணியாக அது அமையும்.

ஐந்தாவதாக, ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள்முன் ஓர் எண் படிக்கப்படும்போது, "இது யாரைக் கேட்டது? எவ்வாறு கேட்டது? சென்ற முறையும் இவ்வாறுதான் கேட்டீர்களா?" என மூன்று வினாக்களைத் தயங்காது கேளுங்கள். கேட்பது ஆய்வாளரை ஐயுறுவதாகாது. அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட மக்களின் விவரத்தைக் காப்பதில் பங்கேற்பதாகும்.

முடிவாக

ஒரு குடும்பத்தினர் தம் வாயிலைத் திறந்து, வயதையும் வருவாயையும் துயரையும் முன்பின் அறியாத மாணவரிடம் கூறுகின்றனர். அச்சொல் எண்ணாகிறது, எண் கோப்பாகிறது, கோப்பு மற்றொரு திட்டத்திற்குச் செல்கிறது. அவ்வழியில் எங்கேனும் பொருள் நழுவிவிட்டால், அவர்கள் கூறியதற்கு மாறானதை அவர்கள் பெயரால் நாம் கூறியவர்களாவோம். மாறி என்னும் சொல்லிலேயே மாற்றம் அடங்கியுள்ளது. மாறவேண்டுவது மனிதர்தம் நிலை. மாறலாகாதது நாம் கொணரும் சொல்லின் பொருள்.

அன்று கூட்டத்தில் எழுந்து நின்ற மாணவியைப் போல் வினவும் துணிவும், அவ்வினாவிற்குச் செவிசாய்த்த பெரியவர்களைப் போன்ற பொறுமையும் நம் கல்விக்கூடங்களில் செழிப்பதாக. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.